அண்ணி திருப்பிக் கொண்டுவந்த இரைச்சல்

என் அண்ணி வாயைத் திறந்தால் பக்கத்துத் தெருவுக்கும் கேட்கும். அப்படிப்பட்டவளுக்குப் பிழைப்பு என்னவென்றால், பிறர் வீட்டில் சத்தத்தை அடக்குவது.

வீட்டில் பாட்டுக் கேட்க ஆம்ப், ஸ்பீக்கர் என்று வாங்கி வைத்தவர்களுக்குத் தெரியும். ஒருநாள் இல்லை ஒருநாள் அந்த 'உம்ம்ம்' வந்தே தீரும். பாட்டு நின்றாலும் அது நிற்காது. ஆம்ப் விற்றவர் ஸ்பீக்கரைக் குறை சொல்வார், ஸ்பீக்கர் விற்றவர் வீட்டு வயரிங்கைக் குறை சொல்வார், எலக்ட்ரீஷியன் கையை விரிப்பார். கடைசியில் அண்ணிக்குப் போன் வரும். அண்ணி போன வேகத்தில் எல்லா ஒயரையும் பிடுங்கித் தரையில் போடுவாள். வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். பிறகு ஆம்பும் ஸ்பீக்கரும் மட்டும் இருக்க, மற்றதை ஒவ்வொன்றாகச் சேர்ப்பாள். எதைச் சேர்த்ததும் உறுமுகிறதோ, அதுதான் திருடன்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒலிபெருக்கி வாடகைக் கடையில் ஒயர் பற்றவைக்கச் சேர்ந்தவள் அவள். எங்கள் குடும்பம் அவளை முதலில் சரியாகப் பார்த்தது கல்யாண மேடையில். யாரோ மைக்கைப் பிடித்து வாழ்த்திக்கொண்டிருந்தார், பின்னால் ஸ்பீக்கர் உறுமிக்கொண்டிருந்தது. கல்யாணப்பெண் இரண்டு நிமிடம் பல்லைக் கடித்தாள். மூன்றாவது நிமிடம் மேடையை விட்டு இறங்கி, சவுண்ட் மிக்ஸருக்குப் பின்னால் போய்க் குனிந்து, ஒரு ஒயரைப் பிடுங்கி வேறு இடத்தில் சொருகிவிட்டு, கையைத் துடைத்தபடி வந்து என் அண்ணன் பக்கத்தில் நின்றாள். மண்டபமே அவளைத் திரும்பிப் பார்த்தது. அப்பா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இந்தப் பொண்ணு வந்தது நம்ம அதிர்ஷ்டம்" என்றார்.

அப்போது அப்பாவுக்குக் கண் தெரியும். தையல்காரர். பிறகு கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி, முழுவதும் போய்விட்டது. கடையை மூடிவிட்டு என்னோடு வந்து இருக்கிறார். கண் போனாலும் கை போகவில்லை. நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தால் போதும், எங்கள் கட்டடத்தில் யார் சட்டைப் பொத்தான் அறுந்தாலும் அப்பாதான் தைப்பார். துணியைத் தடவியே யாருடையது என்று சொல்வார். காலையில் எழுந்ததும் ஆம்பைப் போட்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டே தைக்க உட்காருவார். அதுதான் அவருடைய உலகம், அதில் குறை சொல்லவே மாட்டார்.

இந்த வீட்டுக்குக் குடிவந்ததும் ஆம்ப் உறும ஆரம்பித்தது. அண்ணியைக் கூப்பிடலாம் என்றேன். என் வீட்டுக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"மாப்பிள்ளை நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், இதுக்குப் போய் மருமகளைக் கூப்பிடணுமா?"

அவர் கணக்கு ஆபீஸில் வேலை பார்ப்பவர். ஆபீஸ் நண்பர் ஒருவர் வைத்தியம் சொன்னாராம். கட்டிங் பிளேயரை எடுத்தார், ஆம்பின் மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை நறுக்கென்று வெட்டினார். அதுதான் எர்த் பின். சொருகிப் பார்த்தால் உறுமல் போயே போய்விட்டது. அன்று முழுக்க மனுஷரைத் தரையில் பார்க்க முடியவில்லை.

சில மாதங்கள் கழித்து அப்பா பொத்தான் தைப்பதைக் குறைத்தார். பிறகு ஊசி டப்பாவை மூடி அலமாரிக்குள் வைத்துவிட்டார். கேட்டால் "சலிப்பா இருக்கும்மா" என்பார். தையல்காரருக்குத் தையலில் சலிப்பா? குடைந்து குடைந்து கேட்டபிறகு சொன்னார்.

"விரல்ல சுருசுருன்னு ஓடுது. எறும்பு ஊர்ற மாதிரி. கண்ணும் இப்படித்தான் ஓரத்துல ஆரம்பிச்சுது."

டாக்டரிடம் கூட்டிப்போனேன். வயதானால் நரம்பு தளரும் என்று மாத்திரை கொடுத்தார். மாத்திரையும் தீர்ந்தது, சுருசுருப்பு தீரவில்லை. விரலும் போய்விட்டால் அவருக்கு என்ன மிச்சம்? நரம்புக்கென்றே இருக்கும் பெரிய டாக்டரிடம் அழைத்துப் போக அண்ணியை வரச்சொன்னேன். கார் ஓட்டுவது அவள்தான், என் அண்ணன் ஓட்டினால் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் எல்லோரும் படுத்துக்கொண்டுதான் போவோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தாள். நான் அப்போதுதான் வழக்கம்போல வீட்டைத் துடைத்து முடித்திருந்தேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றிக்கொண்டு குரல் கொடுத்தாள்.

"மாமா, எந்த விரல்? காட்டுங்க பாப்போம்."

அப்பா வலது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காட்டினார்.

"இடது கையில இல்லையா?"

"இல்லம்மா."

"எப்ப வருது?"

"காலையில. பாட்டுக் கேக்குறப்போ. அப்புறம் நாள் பூரா விரல் நினைப்பாவே இருக்கு."

அண்ணி பதில் பேசவில்லை. அண்ணி பேசாமல் இருந்தால் எனக்குப் பயம் வரும். ஈரத் தரையைப் பார்த்தாள். அப்பாவின் வெறுங்காலைப் பார்த்தாள். பிறகு ஆம்பைப் பார்த்தாள். முகப்பு, குமிழ் எல்லாம் இரும்பு. பையிலிருந்து டெஸ்டரை எடுத்து அதன் மேல் வைத்தாள். டெஸ்டருக்குள் சிவப்பாக விளக்கு எரிந்தது.

"ஆஸ்பத்திரிக்கு அப்புறம் போலாம். நோயாளி இங்க இருக்கு."

ஆம்பை இழுத்துத் திருப்பினாள். பிளக்கைப் பார்த்தாள். பின் வெட்டுப்பட்ட பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, "இது யார் பண்ணுன ஆபரேஷன்?" என்றாள். என் வீட்டுக்காரர் அவசரமாகச் செய்தித்தாளைப் புரட்டினார்.

பையில் எப்போதும் பிளக் வைத்திருப்பாள். புதிதாக மூன்று பின் பிளக்கை மாட்டினாள். சுவரில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று மீட்டரை வைத்துப் பார்த்தாள், இருந்தது. ஆம்பைப் போட்டாள். 'உம்ம்ம்' என்று வீடு முழுக்க உறுமியது. செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது.

"பாத்தியாம்மா தங்கச்சி? சும்மா கிடந்ததைக் கிளப்பி விட்டுட்ட."

"அண்ணா, உறுமினா காது வலிக்கும், அவ்வளவுதான். நீங்க அடக்கின விதத்துல ஒருநாள் ஆளே போயிருப்பாங்க."

எனக்கு அவர்மேல் கோபம் தலைக்கேறியது. அவர் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் அது இறங்கிவிட்டது.

"இந்தப் பெட்டிக்குள்ளதான் கசியுது. பழசு. எழுதித் தரேன் வேணும்னா" என்றாள் அண்ணி. எல்லா ஒயரையும் பிடுங்கித் தரையில் போட்டு, ஆம்பையும் ஸ்பீக்கரையும் மட்டும் சேர்த்துச் சோதித்தாள். கசிவு இல்லை, உறுமலும் இல்லை. ஆனைக்கும் அடி சறுக்கும். இந்த ஆனை சறுக்கினாலும் அதே சத்தத்தோடுதான் எழுந்திருக்கும். "தப்பா சொல்லிட்டேன்டா தங்கம், கோச்சுக்காத" என்று ஆம்பைத் தட்டிக்கொடுத்தாள்.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். காது கொடுக்கும் வேலை அப்பாவுக்கு. கேசட் பிளேயரைச் சேர்த்தாள். "இல்லை" என்றார் அப்பா. டிவியிலிருந்து வரும் ஒயரைச் சேர்த்தாள். "வந்துடுச்சு!" என்றார். டிவிக்குப் பின்னால் போய், தெருவிலிருந்து வரும் கேபிள் ஒயரைக் கழற்றினாள்.

"போயிடுச்சு" என்றார் அப்பா. அவர் குரலில் ஒரு தெம்பு வந்திருந்தது.

எங்களை நிற்க வைத்து அண்ணி சொன்னாள். "தெருவுல கேபிள்காரங்க மாட்டியிருக்கிற பெட்டியில எங்கேயோ கரண்ட் கசியுது. கேபிள் வழியா டிவிக்கு வந்து, டிவியிலேருந்து ஆம்புக்கு வருது. எர்த் இருந்தப்போ அது அப்படியே தரைக்குப் போச்சு. போற வழியில பாட்டுக்குள்ள புகுந்து உறுமிச்சு. பின்னை வெட்டினதும் போக வழியில்ல, பெட்டி மேலயே நின்னுடுச்சு. மாமா ஈரத்தரையில நின்னு தொட்டாரா, மாமா வழியா இறங்கிடுச்சு."

கேபிள் ஒயருக்கு நடுவில், கசிவை மட்டும் மறித்துவிடும் விரல் அளவு இணைப்பான் ஒன்றை மாட்டினாள். கேபிள்காரருக்குப் போன் போட்டாள். போன் இல்லாமலே அவருக்குக் கேட்டிருக்கும். எல்லா ஒயரையும் திரும்பச் சொருகி ஆம்பைப் போட்டாள். இரைச்சல் துளிகூட இல்லை. டெஸ்டர் எரியவில்லை. வெறுங்காலோடு ஈரத்தில் நின்று முதலில் தானே குமிழைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் அப்பாவைக் கூப்பிட்டாள்.

அப்பா தயங்கித் தயங்கி விரலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். அவர் முகம் சுருங்கியது.

"ஒண்ணுமே தெரியலையே. மொத்தமா மரத்துப் போச்சா?"

அண்ணி அசரவில்லை. நாற்காலியில் கிடந்த துணி ஒன்றை எடுத்து அந்த இரண்டு விரலுக்கும் இடையில் திணித்தாள்.

"இது என்னன்னு சொல்லுங்க மாமா."

அப்பா துணியை மெல்ல உருட்டினார். ஓரத்தைத் தேடிப் பிடித்தார். விரல் தையல் மேலேயே நடந்து போய் ஓரிடத்தில் நின்றது.

"பருத்தி. நிறைய துவைச்சது. மாப்பிள்ளை சட்டை. ரெண்டாவது பொத்தான் காணோம், நூல் மட்டும் நிக்குது."

என் வீட்டுக்காரர் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அப்பாவின் அருகில் வந்து, "மன்னிச்சிடுங்க மாமா" என்றார். அப்பா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. சட்டையை மடியில் விரித்து மடிப்பை நீவிக்கொண்டிருந்தார்.

"அலமாரியில ஊசி டப்பா இருக்கு, எடுத்துட்டு வாங்க மாப்பிள்ளை" என்றார். "வெள்ளை நூல்."