மகளின் மருந்துப் பெயர்கள்

இளைய மகளுக்கு வலிப்பு வந்த ஒவ்வொரு முறையும் நடந்ததைப் பழைய கணினியில் எழுதி வைத்திருந்தேன். அந்த வாரம் பள்ளிக்கூட வகுப்பிலேயே அவளுக்கு வந்துவிட்டது. கொழும்பில் பார்க்கவிருந்த புதிய டொக்டர், பழைய விபரங்களை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்.

பழையது அடிக்கடி நின்றுபோனதால் புதுக் கணினி வாங்கியிருந்தோம். குறிப்புகளை அதில் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நின்றன. தில்லையடியில் கணினி திருத்துபவர், “வைரஸ் ராத்தா, அழிச்சிருவமா?” என்றார்.

“டொக்டர் இதப் பாத்தா மருந்த ஒனக்குத்தான் எழுதுவார்,” என்றார் கணவர்.

பழைய எழுத்துரு புதியதில் இல்லாததுதான் காரணம். இணையத்தில் எழுத்துருவை மாற்றித் தரும் பக்கமொன்றில் முழுவதையும் ஒரேயடியாகப் போட்டேன். தமிழ் வந்தது. ஆனால் நான் ஆங்கிலத்தில் அடித்திருந்த மருந்துப் பெயர்களையும் அது அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாக்கியிருந்தது. எந்த மருந்து அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது அதில்தான் இருந்தது. டொக்டர் அதையே திரும்ப எழுதிவிட்டால்?

இரண்டு கணினிகளையும் அருகருகே வைத்து, பந்தி பந்தியாக மாற்றினேன். மருந்துப் பெயர்களைக் கையால் அடித்தேன். கணவர் பழைய திரையைப் பார்த்து வாசிக்க, நான் புதியதில் சரிபார்த்தேன்.

கடைசிப் பக்கமும் முடிந்தது. “சரிதானே, எழும்பு. கண்ணெல்லாம் செவந்து போச்சு,” என்றார்.

“இருங்க. மொதல்லேருந்து இன்னொருக்கா வாசிங்க.”

அவர் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார்.