ஒரே தலைப்பில் இரண்டு ஒப்பாரி

வலைத்தளம் கட்டுகிற தொழிலில் பிழை ஓரிடத்தில் பிறக்கும். அது தெரியவருவது வேறோர் இடத்தில். அதற்காக வசை வாங்குவது இரண்டுக்கும் தொடர்பில்லாத மூன்றாவது ஆள். அந்த மூன்றாவது ஆளாக நான் இருந்த சில மாதங்களின் குறிப்புகள் இவை. பிஎச்பி என்ற நிரல்மொழியோடும், ஃபிரேம்வொர்க் என்று வழங்கும் அதன் ஆயத்தச் சட்டகங்களோடும் மல்லுக்கட்டியவர்கள் இதைப் படித்தால் தங்கள் தழும்புகளையும் ஒரு முறை தடவிப் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

நான் நிரல் எழுதுபவன் அல்லன். விருதுநகரில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஒரே ஒப்பாரி ஊருக்கு ஊர், வாய்க்கு வாய் எப்படி வேறுபடுகிறது என்பதைக் கேட்டுப் பதிந்து ஒப்பிடுவது என் ஆய்வு. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய பத்தாண்டின் பிற்பகுதியில், கேசட்டுகளில் இருந்த பதிவுகளை வலைத்தளத்தில் ஏற்றத் தொடங்கினேன். தளத்தை அமைத்துத் தந்தவர் சிவகாசியில் கணினிக் கடை வைத்திருந்த ஜமால். அதற்கு முன் பதினைந்து ஆண்டுகள் ஓர் ஆப்செட் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். பதிவுகளை ஏற்றுவதும், கோளாறுகளைக் குறித்துவைத்து அவரிடம் சொல்வதும் என் பங்கு. தளத்தின் முகப்பில் என் தொலைபேசி எண் இருந்தமையால் வசையும் என் பங்காயிற்று.

வெள்ளைப் பக்கம்

ஒரு நாள் முற்பகலில் ஏழாயிரம்பண்ணையிலிருந்து பேச்சியம்மாள் என் வீட்டுக்கு வந்தார். பட்டாசு ஆலையில் திரி சொருகும் வேலை. அன்றைக்கு விடுப்பு எடுத்து வந்திருந்தார். அவருடைய தங்கை முத்துமாரி, சில ஆண்டுகளுக்கு முன் அவ்வூரில் நான் பதிவு செய்த பாடகியரில் ஒருவர். முந்தைய சீசனில் நடந்த வெடிவிபத்து ஒன்றில் இறந்துபோனார். கல்யாணப் படம் ஒன்றைத் தவிர அவருடையது என்று சொல்ல வீட்டில் எதுவும் இல்லை. முதலாண்டுத் திவசத்துக்குள் அந்தக் குரலை ஒரு முறை கேட்டுவிட வேண்டும் என்பதற்காகவே பேச்சியம்மாள் பஸ் ஏறி வந்திருந்தார். என்னிடமோ மூலக் கேசட் இல்லை. கணினிக் கோப்பாக மாற்றக் கொடுத்த கடையில் நாடா கருவிக்குள் சிக்கி அறுந்திருந்தது. மாற்றிய கோப்பு இருந்த என் ஹார்டுடிஸ்க்கும் அந்தக் கோடையில் செயலிழந்தது. முத்துமாரி எஞ்சியிருந்தது தளத்தில் மட்டுமே.

முகவரியைத் தட்டினேன். திரை வெள்ளையாக வந்தது. ஓர் எழுத்தும் இல்லை. வெள்ளைப் பக்கத்தைக் கண்டவர்கள் அறிவார்கள்: அது பிழையின்மையின் அடையாளம் அன்று, பிழையை வெளியே சொல்லாதே என்று சர்வருக்கு யாரோ பூட்டிய வாய்ப்பூட்டின் அடையாளம். பக்கத்தை வெறித்துப் பயனில்லை, சர்வர் தனக்குள் எழுதிவைக்கும் பிழைக் குறிப்பேட்டைத் திறக்க வேண்டும் என்று ஜமால் தொலைபேசியில் சொன்னார். திறந்தபோது, தளத்துக்கு இடம் தந்தவர்கள் எங்களுக்கு அறிவிக்காமலே பிஎச்பியை அடுத்த பதிப்புக்கு மாற்றியிருந்தது தெரிந்தது. எங்கள் சட்டகம் பழைய பதிப்புக்கு எழுதப்பட்டது. சீர்செய்ய இரண்டு நாள் ஆகும். அதை எந்தச் சொற்களில் விளக்குவது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது பேச்சியம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "பழுதெல்லாம் பெறகு பாருங்க அய்யா. எந்தங்கச்சி அதுக்குள்ள இருக்காளா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

கேள்விக்குறிகள்

இருக்கிறார் என்று சொல்லித்தான் அவரை அனுப்பினேன். ஒரு தரவைச் சரிபாராமல் உறுதி கூறியது என் ஆய்வு வாழ்வில் அதுவே முதல் முறை. இரண்டு நாளில் தளம் மீண்டது. ஆனால் தமிழ் எழுத்து இருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகள் வரிசைகட்டி நின்றன. தலைப்பு, பாடியவர் பெயர், ஊர் எல்லாம் கேள்விக்குறிகளே. எந்த வரிசை முத்துமாரி, எந்த வரிசை வேறொருவர் என்று பிரித்தறிய வழியில்லை.

தரவுத்தளம் எழுத்துகளை ஒரு முறையில் சேமித்திருக்கிறது, புதிய பிஎச்பி அவற்றை வேறு முறையில் கேட்டு வாங்குகிறது. இடையில் உள்ள இணைப்பில் எழுத்து முறையைச் சொல்லும் ஒரு வரி விடுபட்டிருக்கிறது என்று ஜமால் விளக்கினார். என் கை அதற்குள் ஒரு தலைப்பைத் திருத்தி எழுதத் துணிந்துவிட்டது. அதைச் சொன்னதும் அவர் தொலைபேசியிலேயே பதறித் தடுத்தார். "எதையும் சேவ் பண்ணிராதீக சார். இப்பக் கேள்விக்குறி கண்ணுக்கு மட்டுந்தான். சேவ் பண்ணினா உள்ளயும் அதுதான் போயி உக்காரும்." இந்த நிலைக்கு ஆளாகும் எவருக்கும் நான் தரக்கூடிய ஒரே அறிவுரை இதுதான்: காரணம் தெரியும்வரை கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அன்று மாலை ஆலங்குளத்திலிருந்து ஓர் ஆசிரியை அழைத்தார். தளத்தைத் தவறாமல் படிப்பவர், கோபப்படாமல் குத்தக்கூடியவர். "ஆராய்ச்சின்னா கேள்வி கேக்கணும்னு சொல்வீக, சரிதான். அதுக்காக ஒரு பதில்கூட வைக்காம இம்புட்டு கேள்வியாங்க சார்?"

பழைய பக்கம்

விடுபட்ட வரியை ஜமால் சேர்த்தார். அவர் திரையில் தமிழ் வந்துவிட்டது. என் திரையில் வரவில்லை. "இங்கன நல்லாத்தான வருது" என்று அவரும், "இங்கே வரவில்லை" என்று நானும் அரைமணி நேரம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தோம். இத்தொழிலில் இருப்பவர்கள் இந்த உரையாடலை எந்த ஊரிலும் ஓர் எழுத்தும் மாறாமல் கேட்கலாம்; பாடபேதமே இல்லாத வாய்மொழி வழக்கு நான் அறிந்தவரை இது ஒன்றுதான். கடைசியில், சட்டகம் வேலையை மிச்சப்படுத்துவதற்காக ஒரு முறை ஆக்கிய பக்கங்களை எடுத்துவைத்து அவற்றையே பரிமாறிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஜமால் தம் கணினியில் வைத்திருந்த தளத்தின் சோதனை நகலில் பழைய பக்கங்களை அழித்திருந்தார். சர்வரில் இருந்தவற்றை அழிக்க மறந்திருந்தார். அந்தக் கோப்புறையைக் காலி செய்ததும் எனக்கும் தமிழ் வந்தது.

ஒப்பாரிகளுக்கு முதலடியே தலைப்பு. "ஏழு கெணறும் வத்திருச்சே" என்ற தலைப்பைத் தேடி, பாடியவர் பெயரைப் பார்க்காமலே ஒலிக்கச் செய்தேன். மூன்றாம் அடி வரும்வரை ஐயம் எழவில்லை. அந்த அடியில் பாடியவர், வற்றிய கிணற்றால் கருகிய மிளகாய்த் தோட்டத்தைச் சொன்னார். முத்துமாரியின் பாடத்தில் தோட்டம் வராது. குடங்களோடு நிற்கும் பெண்களின் வரிசை வரும். நான் கேட்டுக்கொண்டிருந்தது காரியாபட்டிப் பெண்மணி ஒருவரின் குரல். முத்துமாரியின் பக்கத்தில் அந்தப் பெண்மணியின் பெயரும், ஊரும், பாடலும் இருந்தன. முத்துமாரி எங்கும் இல்லை. ஞாயிறுதோறும் தொலைபேசி பூத்திலிருந்து என்னோடு பேசும் பேச்சியம்மாளிடம் அதே தலைப்பில் வேறொருவர் பாடல் இருப்பதை மறைக்காமல் சொன்னேன். அவர் கேட்டார்: "பாட்டு ஒண்ணுன்னா ஆளும் ஒண்ணாயிருமா அய்யா?"

இரண்டாம் புரூஃப்

மறுநாளே சிவகாசிக்குச் சென்று ஜமாலின் பக்கத்தில் அமர்ந்தேன். பதிவுகளைச் சேமிக்கும் பகுதியை அவர் வரிவரியாகப் படித்தார். ஒரு வரியில் விரலை வைத்துவிட்டு நெடுநேரம் எடுக்கவில்லை. புதிய பதிவு ஒன்று வந்தால், அதே தலைப்பில் முன்பே ஒரு பதிவு இருக்கிறதா என்று அந்த வரி தேடுகிறது. இருந்தால், பழையதன் மேல் புதியதை எழுதிவிடுகிறது. காரியாபட்டிப் பாடலை நான் ஏற்றிய நொடியில் முத்துமாரியின் பதிவு அழிந்திருக்கிறது. சர்வரில் நகல் எடுத்துவைக்கும் வழக்கம் உண்டு. ஆனால் ஒரு வாரத்துக்கு முந்தைய நகல் எதுவும் அங்கே தங்குவதில்லை.

ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். அவர் அச்சகத்தைச் சொன்னார். காலண்டர் சீசனில் இரண்டாம் புரூஃப் சரியென்று ஒப்பமானதும் முதல் புரூஃபைக் கையோடு கிழித்துப் போட வேண்டும். மேசையில் கிடந்தால் மெஷின் ஓட்டுகிறவர் அதைப் பார்த்தே ஓட்டிவிடுவார். அப்படி ஒரு முறை இவர் கிழிக்காமல் விட்ட தாளால், ஒரு கம்பெனியின் ஆர்டர் முழுவதும் தவறான விடுமுறை நாட்களோடு அச்சாகி, ஒரு லோடு காகிதம் வீணாகியிருக்கிறது. அன்றிலிருந்து பழையதைக் கிழிப்பது அவர் கையில் படிந்துவிட்டது. அந்தக் கையே இந்த வரியையும் எழுதியது. நான் அவரைக் கடிந்துகொள்ள முடியாது. தளம் தொடங்கிய வாரத்தில் ஒரு பாடலைத் தவறி இரண்டு முறை ஏற்றினேன். அது இரட்டிக்காமல் ஒன்றாகவே நின்றதைக் கண்டு அவரை வாயாரப் பாராட்டியவன் நான். ஒரு பாடலுக்குப் பல பாடம் உண்டு என்று முப்பது ஆண்டு வகுப்பில் சொன்னவனுக்கு, அதைத் தன் தளத்தை அமைப்பவரிடம் ஒரு முறை சொல்லத் தோன்றவில்லை. ஜமால் தலை நிமிராமல் சொன்னார்: "பிரஸ்ஸுல ரெண்டு புரூஃப் உசுரோட இருக்கப்படாது சார். ஒப்பாரிக்கு ரெண்டும் இருக்கணும்னு எனக்கு யாரு சொன்னா?"

பெயரற்ற கோப்புகள்

திவசத்துக்கு நான்கு நாள் இருக்கையில் ஜமால் அழைத்தார். தரவுத்தளத்தின் அட்டவணையில் பாட்டு இருப்பதில்லை. பாட்டுக் கோப்பின் பெயர் மட்டுமே இருக்கும். கோப்புகள் ஏற்றப்பட்ட நேரத்தையே எண்ணாக்கி, அதைப் பெயராகச் சூடித் தனியே ஒரு கோப்புறையில் கிடக்கும். பதிவின் மேல் பதிவு எழுதப்பட்டால் அட்டவணையில் பெயர்தான் மாறும். பழைய கோப்பையும் அழிப்பதற்குத் தனியே ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரியை எழுத அவர் மறந்திருந்தார். அட்டவணையில் உள்ள பதிவுகளைவிடக் கோப்புறையில் இருபத்தெட்டுக் கோப்புகள் கூடுதலாக இருந்தன. இருபத்தெட்டு முறை நான் ஒரு பதிவின் மேல் இன்னொன்றை ஏற்றியிருக்கிறேன். அவற்றில் முத்துமாரி இருக்கக்கூடும். இம்முறை நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. பேச்சியம்மாளைக் கடைக்கு வரச் சொன்னேன்.

அவர் வந்து, கடையில் வரிசையாக இருந்த கணினிகளைப் பார்த்துவிட்டு ஜமாலிடம், "இம்புட்டுப் பொட்டிய வச்சிக்கிட்டு ஒருத்தியத் தொலைச்சிட்டியேப்பா" என்றார். "தேடத்தான யக்கா கூப்புட்டோம், உக்காருங்க" என்றார் ஜமால். எண்களுக்கு ஊர் தெரியாது, பெயர் தெரியாது. கடைசியாக ஏற்றியதிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகக் கேட்பதைத் தவிர வழியில்லை. பத்துக்கு மேற்பட்ட பெண்கள் யார் யாருக்காகவோ அழுது முடித்தார்கள். பிறகு ஏழு கிணறு வற்றியது; குடங்கள் வரிசையில் நின்றன. நான் ஜமாலின் தோளைத் தொட்டேன். தெளிவான பதிவு, இரைச்சல் எதுவும் இல்லை. பேச்சியம்மாள் தலையைச் சாய்த்துக் கேட்டார். முடிந்ததும், "அவதான்" என்று மட்டும் சொன்னார். நான் எதிர்பார்த்த அழுகையும் வரவில்லை, ஆறுதலும் வரவில்லை. ஊரார் வீட்டுச் சாவுக்கெல்லாம் அவள் இப்படித்தான் பாடுவாள் என்றார். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழப்போனார்.

ஜமால் கை தவறியோ என்னவோ அடுத்த எண்ணையும் ஒலிக்கவிட்டார். அதுவும் முத்துமாரிதான், நான் செப்பம் செய்வதற்கு முன் முதன்முதலில் ஏற்றிய முழுப் பதிவு. பின்னால், பாட்டு அல்லாத பகுதிகளை வெட்டி நீக்கிய பதிப்பை அதே தலைப்பில் ஏற்றினேன். அந்த வரி இதையும் விழுங்கியிருந்தது. ஆலைக்குப் புறப்படுகிற காலை நேரத்தில் எடுத்த பதிவு அது. பாத்திரம் உருளும் சத்தம், யாரோ இருமும் ஒலி, நான் இன்னும் கொஞ்சம் உரக்கப் பாடச் சொல்வது, இவற்றுக்கு நடுவே முத்துமாரி அவசரமாக, "வேன் வந்துருச்சா பாருக்கா" என்றார். வாசலிலிருந்து, "இன்னும் வரலடீ, நீ பாடு" என்று ஒரு குரல். அது பேச்சியம்மாளுடையது. எழுந்தவர் அப்படியே உட்கார்ந்தார். பாட்டு தொடங்கியதும் கையை உயர்த்தி ஜமாலை நிறுத்தச் சொன்னார்: "பாட்டு இருக்கட்டும் தம்பி. வேன் வந்துருச்சான்னு என்னையக் கேக்குறாள்ல, அங்கன போடு."

அதன் பின் தளத்தில் ஒரே தலைப்பில் எத்தனை பதிவும் நிற்கலாம் என்றாயிற்று. "பாட்டுக்கு முன்னும் பின்னும் பேசியவை" என்று ஒரு கட்டமும் சேர்ந்தது. அதை நிரப்பாத பதிவைத் தளம் ஏற்கக் கூடாதென்று விதி எழுதச் சொன்னவன் நானே, அவ்விதியால் இதுவரை அதிகமாகத் திருப்பி அனுப்பப்பட்டவனும் நானே.