வலது பக்கத்துப் பெட்டிக் கதவு

எங்கள் வண்டியைப் பார்க்கிறவர்கள் முதலில் அது துணி விற்கிற வண்டி என்றுதான் நினைப்பார்கள். பிறகு ஜன்னல் கம்பியில் காய்கிற என் சேலையைப் பார்த்துவிட்டு, ஆள் குடியிருக்கிற வண்டியா என்று கேட்பார்கள். எனக்குப் பதில் சொல்ல வராது. வீட்டுக்காரர்தான் சொல்வார்.

அவர் பட்டாளத்தில் லாரி ஓட்டினவர். ஓய்வு பெற்று வந்ததும் பழைய வேன் ஒன்றை வாங்கி, எங்கள் ஊர் ராஜபாளையத்திலேயே ஒரு வெல்டிங் பட்டறையில் நிறுத்தினார். உள்ளே படுக்கப் பலகை, ஒரு ஃபேன், அடியில் சாமான் வைக்க இரும்புப் பெட்டிகள் என்று செய்து வாங்கினார். அடுப்புக்கு ஒரு பெட்டி, பாத்திரத்துக்கு ஒரு பெட்டி, பாய், தண்ணீர்க் கேன் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. பெட்டிக் கதவுகள் வெளிப்பக்கம் திறக்கும். ஒரே மகளையும் கட்டிக்கொடுத்தாயிற்று. நினைத்தால் கிளம்புவோம். எங்கேயாவது மர நிழலில் நிறுத்தி, சோறாக்கிச் சாப்பிட்டு, செத்த நேரம் சாய்ந்து கிடந்துவிட்டு வருவோம்.

எனக்கு அந்த வண்டி ஏன் பிடிக்கும் என்றால், அதில்தான் நான் பேசுவேன். வீட்டில் கொழுந்தன்மார், ஓரகத்திகள் என்று எப்போதும் கூட்டம். நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும். வண்டியில் இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருப்போம். முகத்தைப் பார்க்காமல் பேசுவது எனக்குச் சுலபம். அஞ்சாவதோடு என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினபோது நான் அழுததை அவரிடம் அங்கே வைத்துத்தான் சொன்னேன்.

பெட்டிக் கதவு விஷயத்தில் அவர் ரொம்பக் கறார். ஓடுகிற வண்டியில் கதவு திறந்தால் எதிரே வருகிறவன் உயிருக்கு நாமதான் பதில் சொல்லணும் என்பார். பட்டறையில் கீல்களை எல்லாம் முன்பக்கமாக வைக்கச் சொன்னார். கொண்டி தெறித்தாலும் காற்றே கதவை அடித்துச் சாத்திவிடுமாம். வலது பக்கத்துப் பாத்திரப் பெட்டிக்கு மட்டும் டீசல் டேங்க் இடித்ததால் கீலைப் பின்பக்கம் வைக்கும்படி ஆகிவிட்டது. அது திறந்தால் காற்று அதை இன்னும் விரித்துவிடும். அதனால் அதற்குக் கொண்டியைப் போட்டு, கொண்டிக்குள் ஒரு இரும்புப் பின்னைச் செருகி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, பிடித்து இழுத்துப் பார்ப்பார். அசையாவிட்டால்தான் வண்டியில் ஏறுவார்.

போன வருஷத்திலிருந்து அவருக்குச் சந்தேகம் வர ஆரம்பித்தது. ராஜபாளையம் தாண்டுவதற்குள் ஓரங்கட்டுவார். கொண்டி போட்டேனா என்று கேட்பார். போட்டீங்க என்பேன். இருந்தாலும் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைவதற்குள் மறுபடியும் இறங்குவார். வயசாக வயசாக மனுஷருக்கு ஜாக்கிரதை கூடுகிறது என்று நினைத்தேன். மகள் அப்படி நினைக்கவில்லை. ஊருக்கு வந்திருந்தபோது, அப்பா கேட்டதையே கேட்கிறார், டாக்டரிடம் காட்டணும், முதலில் வண்டிச் சாவியை வாங்கி வை என்றாள். நான் அவரிடம் சாவியைக் கேட்டும் பார்த்தேன். "வச்சுக்கோ. நீ ஓட்டிக் கூட்டிட்டுப் போறியா?" என்று சிரித்தார். அந்தச் சாவியும் போனால் அவருக்கு வீட்டில் என்ன இருக்கிறது? வாசலில் நாற்காலி போட்டு உட்கார வேண்டியதுதான். எனக்கும் பேச இடம் இருக்காது.

மழை பெய்து பிளவக்கல் அணையில் தண்ணீர் கிடக்கிறது என்று கேள்விப்பட்டுக் கிளம்பினோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் கத்தரிக்காயும் வாழை இலையும் வாங்கினோம். கிருஷ்ணன்கோவிலில் திரும்பி வத்திராயிருப்பு வழியாகப் போகணும். கிருஷ்ணன்கோவிலுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் நிறுத்தி இறங்கினார். என் சீட்டிலிருந்து வலது பக்கம் தெரியாது. கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஏறி வண்டியை எடுத்தார்.

அந்த இடத்தில் பாலம் கட்டுகிற வேலை நடந்ததால் ரோடு ஒடுங்கிக் கிடந்தது. பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. அதோடு ஒரு பெண் அலறினாள். எதிரே பைக்கில் ஒருத்தர் மனைவியையும் கைப்பிள்ளையையும் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். விரிந்து நின்ற எங்கள் கதவுக்குப் பயந்து ஒடித்ததில் பைக் ஓரத்து மணலில் சாய்ந்துவிட்டது.

கதவு அவர்கள் மேல் படவில்லை. அந்தப் பெண்ணுக்கு முழங்கை சிராய்ந்திருந்தது. பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன்.

அவள் புருஷன் எங்கள் வீட்டுக்காரரிடம் போனார். "யோவ் பெருசு, அடுக்களையைத் தெறந்து போட்டுக்கிட்டா ரோட்டுல வாரது? எம்பிள்ளை தலை போயிருக்கும்யா."

ஒன்று சொன்னால் இரண்டாகத் திருப்பிச் சொல்கிற மனுஷர், "இப்பத்தான் தம்பி பூட்டினேன்" என்று மட்டும் சொன்னார். எதையோ தேடுகிற மாதிரி சட்டைப் பைக்குள் கையை விட்டார். வெளியே எடுத்தபோது கையில் அந்தப் பின் இருந்தது.

பூட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போனவர் பின்னை உருவி, கொண்டியை எடுத்துப் பார்த்துவிட்டு, வெறுமனே சாத்திவிட்டு வந்திருக்கிறார். வீட்டிலிருந்து கிளம்பும்போது கதவு சரியாகத்தான் பூட்டியிருந்தது. பார்க்கப் போகாமல் இருந்தால் அது திறந்திருக்காது. அவர் பின்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் விளங்கிவிட்டது.

பைக்காரர் திட்டி முடித்து, மனைவியை ஏற்றிக்கொண்டு போனார். நாங்கள் பாத்திரங்களைப் பொறுக்கினோம். அவர் கொண்டி போட்டு, பின்னைச் செருகி, தட்டி, இழுத்துப் பார்த்தார். வண்டியைச் சுற்றி முன்னால் போனவர் திரும்பி வந்தார்.

"கொண்டி போட்டேனா, ஏட்டி?"

கேட்டுக்கொண்டே பின்னை உருவப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நாலு பேர் போகிற ரோட்டில் அதற்கு முன்னால் அவர் கையை நான் தொட்டதில்லை.

"இனி நீங்க வண்டி ஓட்ட வேண்டாங்க."

"பொறவு யாரு ஓட்டுவா?"

"யாரையாச்சும் கேக்கேன்."

"நீயா?"

"நாந்தான்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். சாவி வண்டியில்தான் கிடக்கிறது என்றார்.

சாவியை எடுத்து முந்தியில் முடிந்துகொண்டேன். அவரைப் பலகையில் உட்கார வைத்துவிட்டு பக்கத்தில் இருந்த டீக்கடைக்கு நடந்தேன். காலேஜ் பஸ் ஓட்டுகிறவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தெரியாத ஆம்பிளைகளிடம் நான் வழிகூடக் கேட்டவள் இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் என்னம்மா வேணும் என்று கேட்ட பிறகுதான் சத்தம் வந்தது. எங்க வீட்டுக்காரருக்கு முடியலை, வண்டியை ராஜபாளையத்தில் கொண்டுபோய் விடணும் என்றேன். அதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெஞ்சிலிருந்து ஒருத்தர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

பின்னால் பலகையில் நாங்கள் உட்கார்ந்தோம். அவர் அந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காலை எங்கே வைக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்போது என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"டிரைவர் சாப்பிட்டிருக்க மாட்டாரு. எங்கயாச்சும் நிப்பாட்டச் சொல்லி சோறாக்கு, ஏட்டி."

"வீட்டுக்குப் போயி ஆக்கலாங்க."

சரி என்றார். வீடு வருகிற வரைக்கும் கொண்டியைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை.