ஆடிட் அன்றைக்கு மட்டும் திறந்த அறை

கொரோனா அடங்கி, எங்கள் ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிகள் மறுபடியும் முழுசாக ஓடத் தொடங்கியிருந்த நேரம். அப்படி ஒரு கம்பெனியில் ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற வேலை எனக்கு. இந்தக் கதையை இப்போது எடுத்தாலும் என் வீட்டுக்காரர், "ஆரம்பிச்சிட்டியா?" என்று எழுந்து போய்விடுவார். போகட்டும். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது, சொல்லத்தான் செய்வேன்.

என் மகளுக்கு அப்போது நாலு வயது, எல்.கே.ஜி. பள்ளிக்கூட வாசலில் முயல், மயில் படமெல்லாம் போட்டு, 'விளையாட்டு வழிக் கல்வி' என்று பெரிய போர்டு வைத்திருந்தார்கள். உள்ளே போனால் மதியம் வரை பெஞ்சில் உட்கார்ந்து ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன் என்று நிற்கிற கோடும் படுத்த கோடுமாக எழுத வேண்டும். கோணலாகப் போனால் அழித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. விளையாட்டெல்லாம் அந்தப் போர்டோடு சரி. என் மகள் பென்சிலைச் சரியாகப் பிடிப்பதில்லை, பெரியது எது, சின்னது எது என்று கேட்டால் வாயே திறப்பதில்லை என்று மிஸ்ஸுக்குக் குறை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, பிள்ளையை எதிரில் நிற்க வைத்துக்கொண்டே, "இவ கொஞ்சம் ஸ்லோ. எதுக்கும் ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றார். அதற்குப் பிறகு வீட்டிலும் அவள் பேச்சு குறைந்துபோனது. பள்ளி விட்டதும் நான் வரும்வரை பக்கத்து வீட்டில் இருப்பாள். அவர்கள் கையில் போனைக் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்களுக்கும் ஆயிரம் வேலை.

இத்தனைக்கும் எங்கள் கம்பெனியிலேயே வேலை செய்கிற அம்மாக்களின் குழந்தைகளுக்கென்று ஒரு அறை உண்டு. 'கிரீச்' என்று பலகை தொங்கும். சட்டப்படி இருந்தாக வேண்டுமாம். இருந்தது, பூட்டோடு. ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருப்பது தெரியும்.

ஷூ கம்பெனிகளில் ஆடிட் என்று ஒன்று நடக்கும். ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் ஆள் அனுப்பி, தொழிலாளர்களை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். அது வருகிறதென்றால் கம்பெனிக்கே கல்யாணக் களை வந்துவிடும். பாத்ரூமில் சோப்பு இருக்கும். முதலுதவிப் பெட்டியில் மருந்து இருக்கும். யாராவது கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குப் பாடம் வேறு நடக்கும். அந்த முறை எச்.ஆர். அதிகாரி லைனுக்கே வந்து, சின்னப் பிள்ளைகள் இருக்கிற அம்மாக்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளைக்கு குழந்தைங்கள கூட்டிட்டு வாங்கம்மா. நல்ல டிரஸ்ஸா போட்டு, தலை சீவி கூட்டிட்டு வரணும்."

"ஸ்கூல் இருக்கே சார்" என்றேன்.

"எல்.கே.ஜி.ல இன்னா கலெக்டருக்கா படிக்குது? ஒரு நாள்தானே!"

பக்கத்து மெஷினில் தைப்பவர் உருது பேசுகிற வீட்டு அக்கா. நான் ஆபா என்றுதான் கூப்பிடுவேன். "கூட்டினு வா, ஒரு நாளாவது புள்ள போன் பாக்காம இருக்கும்" என்றார். எனக்கும் அது சரியென்று பட்டது.

மறுநாள் காலையில் அந்த அறையைப் பார்த்து நானே வாயைப் பிளந்துவிட்டேன். பெட்டிகள் எல்லாம் மாயம். தரையில் புதுப் பாய். மரக்கட்டைகள், பொம்மைகள், சொப்புச் சாமான் என்று அலமாரி நிறைய. அன்றைக்கு மட்டும் வெளியிலிருந்து ஒரு டீச்சரையும் வரவழைத்திருந்தார்கள். சின்னப் பெண். எழுது, படி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாயில் பிள்ளைகளோடு தானும் உட்கார்ந்து, கட்டைகளைக் கொட்டிவிட்டுச் சும்மா இருந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய்ப் பார்த்தேன். என் மகள் பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கட்டையை வைத்திருந்தாள். இடுப்பில் கையை ஊன்றி நடந்துகொண்டே, "சீக்கிரம், சீக்கிரம்! டார்கெட் முடியல! நீ இன்னா, பாத்ரூம் போனா வரவே மாட்டியா?" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசரைப் பற்றி நான் வீட்டில் வந்து புலம்பியதெல்லாம் அப்படியே வருகிறது! பெரிய கட்டை பெரியவர்களின் ஷூவாம், சின்னது பாப்பா ஷூவாம். தனித்தனியாகப் பிரித்து ஜோடி சேர்த்து, "இதுக்கு ஜோடி எங்க?" என்று ஒவ்வொரு பொம்மையிடமும் கேட்டு வாங்கினாள். பெரியது சின்னது தெரியாத பிள்ளையாம்! அந்த மிஸ்ஸைக் கையோடு இழுத்து வந்து அந்த ஜன்னலோரம் நிறுத்த வேண்டும் போல இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆடிட்டுக்கு வந்த வெள்ளைக்காரம்மா உள்ளே வந்தார். மண்டிபோட்டு உட்கார்ந்து, பாப்பா என்ன சொல்கிறாள் என்று எச்.ஆர். அதிகாரியிடம் கேட்டார். அந்த மனுஷன் கொஞ்சமும் கூசாமல், "வெரி ஹேப்பி மேடம். டெய்லி கம்மிங்" என்றார். எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும்.

சாயங்காலம் அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதுதான் தாமதம், பிள்ளைகளை அழைத்துப் போங்கள் என்று எங்களை விரட்டினார்கள். போய்ப் பார்த்தால், விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் கையிலிருந்தே சாமான்களை வாங்கி பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அறை முழுக்க ஒரே அழுகை. என் மகள் மட்டும் அழவில்லை. ஒரு ஜோடிக் கட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். எச்.ஆர். அதிகாரி குனிந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதைப் பிடுங்கினார்.

"நாளைக்கும் ஆடிட் இருக்கே சார், நாளைக்கும் விளையாடட்டுமே" என்றேன்.

"நாளைக்கு பேப்பர் பாப்பாங்க, ஆளுங்கள கூப்பிட்டு பேசுவாங்க. கிரீச் பாத்தாச்சு, முடிஞ்சிது. இது வெளிநாட்டு செட்டும்மா, ஒண்ணு தொலைஞ்சா அடுத்த ஆடிட்டுக்கு இன்னாத்த காட்டுறது?"

டீச்சர் பையை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து, "நான் இன்னாக்கா பண்றது? நாளன்னிக்கு வாணியம்பாடில ஒரு கம்பெனிக்குப் போவணும்" என்றார், தலையைக் குனிந்துகொண்டே. ஊருக்கு ஊர் இதே கூத்துதான் போலிருக்கிறது.

வெளியே வந்ததும் என் மகள் முந்தானையை இழுத்து, "அம்மா, நான் தப்பா வெச்சிட்டனா?" என்று கேட்டாள். கட்டையைத் தப்பாக அடுக்கியதால் பிடுங்கிவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறது பிள்ளை. பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே பழக்கியிருக்கிறார்கள்! ரோடு என்றும் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் பேசுவதற்குக் கூப்பிட்ட ஆட்களில் நானும் ஒருத்தி. ஆடிட் ஆட்களோடு சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா கதவைச் சாத்திவிட்டு, தமிழிலேயே கேட்டார். கிரீச்சைப் பற்றிக் கேட்டால், 'தினமும் குழந்தையை விடுகிறேன் மேடம்' என்று சொல்லச் சொல்லித்தான் பாடம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இருக்கட்டும், எனக்கு அன்றைக்கு அந்த மட்டமான புத்தியே போதுமானதாக இருந்தது.

"நேத்து ஒரு நாள்தான் மேடம் திறந்தாங்க. இப்ப போய் பாருங்க, பூட்டியிருக்கும்."

அவர் எழுந்து நேராக அந்த அறைக்கு நடந்தார். பூட்டுதான். எச்.ஆர். அதிகாரி சாவியைத் தேடி அங்கும் இங்கும் ஓட, அந்த அம்மா ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தபடி நின்றார். பெட்டிகள் அதற்குள் பழைய இடத்துக்கே வந்திருந்தன.

"அடிப்பாவி, வேலைய வுட்ட போ! ஜாஸ்தி வாய் உனக்கு" என்று ஆபா தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் அவரைக் கூப்பிட்டபோது அவரும் போய் அதையேதான் சொல்லிவிட்டு வந்தார்.

ஆடிட்காரர்கள் போன பிறகு எனக்கு அர்ச்சனை. "சோறு போடுற கம்பெனிக்கே துரோகம் பண்ணிட்டியே!" என்றார் அதிகாரி.

"யாரும் சும்மா சோறு போடல சார். தைக்கிறேன், சம்பளம் வாங்குறேன்" என்றேன்.

வேலையை விட்டு எடுக்கவில்லை. தையலிலிருந்து தூக்கி, பசை ஒட்டுகிற இடத்தில் போட்டார்கள். அந்த நெடியில் இன்றும் சாயங்காலமானால் தலை வலிக்கும்.

ஒன்றரை வருஷம் கழித்து, எங்கிருந்தோ உத்தரவு வந்து அந்த அறையை நிஜமாகவே திறந்தார்கள். தினமும் ஒரு டீச்சர் வருகிறார். பிள்ளைகள் சுவரெல்லாம் கிறுக்கி, பொம்மைகளின் கைகாலை உடைத்து வைத்திருக்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்குள் என் மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள்.

போன ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனோம். அறை திறந்திருந்தது. எல்லாப் பிள்ளைகளும் செருப்பை உதறிவிட்டு உள்ளே பாய்ந்தார்கள். என் மகள் மட்டும் வாசலிலேயே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "அம்மா, எடுத்தா திட்டுவாங்களா?" என்று கேட்டாள். நானே உள்ளே போய் ஒரு கட்டையை எடுத்து அவள் கையில் வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு, பத்திரமாக இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டாள். விளையாட வேண்டிய வயதில் ஒரு பிள்ளைக்கு அந்தப் பயத்தை மட்டும் பாடமாகக் கற்றுக்கொடுத்துவிட்டார்களே, அவர்களை என்னால் இந்த ஜென்மத்தில் மன்னிக்க முடியாது.