கீழ்வீட்டு நாய்

கழக்கூட்டத்தில் வேலை கிடைத்த வருடம், நெடுஞ்சாலையை விட்டு ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்தேன். நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் இரண்டு இரண்டரை மணி நேரம்தான். ஆனாலும் வெகுதூரம் வந்துவிட்டதுபோல இருந்தது. அலுவலகத்தில் ஆங்கிலம், கடையில் என் அரைகுறை மலையாளம். சனிக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்யும் பத்து நிமிடம் மட்டும்தான் தமிழ்.

கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மா பக்கவாதம் வந்து ஒன்றரை வருடமாகப் படுக்கையில். பேச்சும் போய்விட்டிருந்தது. ஒரே மகள் துபாயில். அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை. படுக்கையறை ஜன்னலில் பச்சைத் திரை ஒன்று தொங்கும், அவ்வளவுதான் தெரியும். ஜன்னலுக்கு வெளியே துணி துவைக்கும் கல். அதை ஒட்டி ஒரு நாயைக் கட்டியிருப்பார்கள். செவலை நிறம், காது கிழிந்த பெட்டை நாய்.

தனக்கு முட்டுவலி, காலையில் அதை ஒரு சுற்று கூட்டிப்போக முடியுமா என்று ஒருநாள் அவர் கேட்டார். ஐந்து மணிக்கு மேல் எனக்கு எப்படியும் தூக்கம் வராது. சரி என்றேன்.

வீட்டுக்குப் பின்னால் சரிவில் காடு. அக்கேசியா மரங்கள், நடுவே யாரும் கவனிக்காமல் விட்ட கொல்லாமரங்கள், அதாவது முந்திரி. அடியில் செம்மண் பாதை, முழங்கால் வரை நனைக்கும் புல். தாண்டிப் போனால் ஒரு ரப்பர்த் தோட்டம். அங்கே நெற்றியில் விளக்கு கட்டிய ஒருவர் மரம் மரமாகப் பால் வெட்டிக்கொண்டிருப்பார். என்னைக் கண்டால் விளக்கு ஒருமுறை என் பக்கம் திரும்பும், மறுபடி மரத்துக்குப் போய்விடும். அந்த நேரத்தில் வேறு ஆளே கிடையாது.

நாய் என்னைப் பொருட்படுத்தவே இல்லை. சங்கிலி இழுத்த பக்கம் வந்தது, அவ்வளவுதான். இரண்டு வாரம் இப்படியே போனது. ஒருநாள் ஒரு கீரியைக் கண்டு திமிறி, சங்கிலியோடு சரிவில் இறங்கி ஓடிவிட்டது. வீட்டுக்காரர் கூப்பிடும் பெயரைச் சொல்லித் தொண்டை வறளக் கத்தினேன். வரவில்லை. விடிந்துவிட்டது. இதை எப்படிப் போய்ச் சொல்வது என்று ஒரு பாறையில் உட்கார்ந்தேன். யாரையும் கூப்பிடுவதாக நினைக்காமல், வாய்க்குள்ளேயே சொன்னேன்:

"எங்க போய்த் தொலஞ்ச மக்கா. வா, நேரமாச்சு."

சருகு சரசரத்தது. நாய் புதருக்குள்ளிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்தது. "வா மக்கா" என்றேன். வந்து என் மடியில் மோவாயை வைத்துக்கொண்டு முனகியது. அதன் உடம்பெல்லாம் நடுங்கிற்று. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அன்றிலிருந்து அதனிடம் பேசிக்கொண்டே நடந்தேன். மேலாளரைப் பற்றி, மெஸ் சாம்பாரைப் பற்றி, ஊரில் பார்த்து வைத்திருக்கும் பெண்ணைப் பற்றி. கிழிந்த காதைத் தூக்கி எல்லாவற்றையும் கேட்டது.

பிறகு ஒரு காலை, அதைக் கல்லருகே கட்டும்போது, "சேத்த மிதிச்சிட்டு வந்து நிக்கியே, ஒனக்கு வெக்கமில்லியா மக்கா" என்றேன். பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தேன்.

மாலையில் வீட்டுக்காரர் அந்த முட்டுவலியோடு படியேறி வந்து வாசலில் நின்றார்.

"தம்பி நாயிட்ட தமிழா பறஞ்சது?"

ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் கைப்பிடியைப் பிடித்தபடி, "அவ சிரிச்சு. கிடப்பில ஆன பெறகு இன்னைக்குத்தான் சிரிச்சா" என்றார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மனைவி எங்கள் மாவட்டத்துக் குழித்துறைப் பக்கம். நாயைக் குட்டியாக அங்கே தன் தங்கை வீட்டிலிருந்து எடுத்து வந்தது அந்த அம்மாதான். கல்யாணமாகி வந்ததிலிருந்து வீட்டில் மலையாளம்தான். மகளுக்குக்கூடத் தமிழ் தெரியாது.

"நாயிட்ட மட்டும் தமிழ். நான் அதொண்ணும் கவனிச்சதில்ல, தம்பி" என்றார்.

அடுத்த நாளிலிருந்து காட்டிலிருந்து திரும்பியதும் ஜன்னலடியில் கொஞ்ச நேரம் நிற்பேன். அந்த அம்மாவிடம் நேராகப் பேசக் கூச்சம். நாயிடம் சொல்வதுபோல, காட்டில் மயில் நின்றதை, கொல்லாமரம் பூத்ததை, அட்டை கடித்ததைச் சொல்வேன். திரை ஒரு பக்கமாக ஒதுக்கப்பட்டிருக்கும். ஒரே ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன். முகத்தின் ஒரு பாதி சிரித்தது. உள்ளே வரச்சொல்லி வீட்டுக்காரர் இரண்டு தடவை அழைத்தும் நான் போகவில்லை. ஏன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

நாலு மாதம் இப்படி நடந்தது. ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கிய வாரத்தில் அந்த அம்மா இறந்துபோனார். மகள் வந்தாள். அப்பாவைத் தன்னோடு கூட்டிப்போவதென்று முடிவானது. புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார், நாயை நான் வைத்துக்கொள்ள முடியுமா என்று. எப்போது வேண்டுமானாலும் என்னைச் சென்னைக்கு அனுப்பிவிடுவார்கள் என்றேன். அப்படியொரு பேச்சு அலுவலகத்தில் இருந்தது உண்மை. ஆனால் அதற்காகச் சொல்லவில்லை. இருபத்து நாலு வயதில் ஒரு நாய்க்காக ஓர் ஊரில் கட்டுப்பட்டுக் கிடக்க நேருமே என்று பயந்தேன்.

"சாரமில்ல" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம்.

நெடுமங்காட்டில் அவருடைய தம்பி வீட்டுக்கு அதை ஒரு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். நான் மாடிப்படியில் நின்றேன். வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் குதித்து இறங்கிவிடும் என்று தெரியும். பேசாமல் நின்றேன்.

அதற்குப் பிறகும் ஒரு வாரம் போல விடியற்காலையில் தனியாகக் காட்டுக்குப் போனேன். ரப்பர் வெட்டுகிறவர் முதன்முறையாக வாயைத் திறந்து, நாய் எங்கே என்று கேட்டார். போய்விட்டது என்றேன். மறுநாளிலிருந்து போகவில்லை.

சென்னைக்கு என்னை யாரும் அனுப்பவில்லை. கீழ்வீடு பூட்டிக்கிடக்க, இன்னும் ஒன்றரை வருடம் அந்த மாடியிலேயே இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நெடுமங்காட்டுக்குப் பஸ் ஏறினேன். அந்தத் தம்பியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. சந்தைப் பக்கம் இரண்டு மூன்று தெரு சுற்றிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, மதியத்துக்குள் திரும்பிவிட்டேன்.