சொம்பில் கரைத்த உப்பு

விவாகரத்து கேட்டவள் அவள். கேட்கும்படி வைத்தவன் நான். குழம்பில் உப்பில்லை என்று விருந்தாளிகள் எதிரிலேயே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவேன். ஒருநாள் இல்லை, பல நாள். கடைசியில் அவள் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

அபிஷேகப்பாக்கத்து வீட்டுக்கு விலை மதிப்பிட கோர்ட் ஒரு பொறியாளரை அனுப்பியது. அவர் போடும் விலையில் பாதியை அவளுக்குக் கொடுத்தால் வீடு எனக்கு. விலை ஏறினால் என்னால் முடியாது, விற்றுவிட வேண்டியதுதான். அதனால் விலை இறங்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் சுவரையும் கூரையையும் பிறகுதான் பார்ப்பார்கள். முதலில் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார்கள். கடலோர ஊர்களில் போர்வெல் தண்ணீர் உப்பாகிக்கொண்டு வருகிறது. நல்ல தண்ணீர் உள்ள வீட்டுக்குத் தனி மவுசு. எங்கள் வீட்டுத் தண்ணீர் இளநீர் மாதிரி. ஒரு சொம்பில் பிடித்து, கைநிறைய உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கி வைத்தேன். நான் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

பொறியாளர் வியர்வையைத் துடைத்தபடி வந்தார். பின்னாலேயே அவளும் வந்து, விருந்தாளி மாதிரி பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"தண்ணி எப்டி சார்?"

"உப்பாயிடுச்சு சார். நீங்களே பாருங்க."

ஒரு வாய் குடித்தவர் ஓடிப்போய்ச் செம்பருத்திச் செடியடியில் துப்பினார். "இன்னா சார், கடலையே மொண்டுகினு வந்த மாதிரி இருக்கு!"

"நான் போற வரிக்கும் நல்லாத்தான இருந்துச்சு?" என்றாள் அவள்.

"நீ போன பெறவுதான் மாறிடுச்சு."

பொறியாளர் சிரிப்பை அடக்கினார். அவள் அடக்கவில்லை, சிரித்தேவிட்டாள். "அப்ப தெனம் இதத்தான் குடிக்கிறீங்களா?"

"ஆமா."

"எங்க, குடிங்க பாக்கலாம்."

வீம்புக்குச் சொம்பைத் தூக்கினேன். ஒரு மடக்கு. இரண்டாவது மடக்கில் கண்ணில் நீர் வந்துவிட்டது. மூன்றாவதற்குள் எழுந்து வந்து சொம்பைப் பிடுங்கினாள்.

"யோவ்! பிரஷர் மாத்தர போட்டுகினு இன்னாய்யா பண்ற? இத்தினி வருஷம் உப்பக் கொறச்சி ஆக்கிப் போட்டு உன்ன உசுரோட வச்சிருந்தது இதுக்கா?"

அதுவரை என்னை 'ஏங்க' என்றே அழைத்தவள். சொம்பைச் செடியில் கவிழ்த்தாள், உடனே, "ஐயோ, செடி!" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தள்ளிவிட்ட தட்டுகளெல்லாம் என் கண்முன் வந்து நின்றன. நான் போய் மோட்டாரைப் போட்டேன். குழாயில் ஒரு டம்ளர் பிடித்துப் பொறியாளரிடம் நீட்டினேன். "இதான் சார் எங்க தண்ணி. இத எழுதிக்குங்க."

குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். "இந்தத் தண்ணிக்கே தனி வெல போடலாம் சார்," என்றார். போட்டும்விட்டார்.

வீடு விற்றுப் போனது. பாதி அவளுக்கு, அதில் எனக்கு வருத்தமில்லை. நான் இப்போது மூலக்குளத்தில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறேன். இங்கே குழாயைத் திறந்தால் உண்மையாகவே உப்புத் தண்ணீர். குடிக்க கேன் வாங்குகிறேன். சமையல் நானேதான். குழம்பில் உப்பைக் குறைத்தே போடுகிறேன், தட்டைத் தள்ளாமல் சாப்பிடுகிறேன்.