இல்லாத இலைகளை எண்ணியவள்

பூச்சி தின்ற இலைகளை அளப்பதுதான் அவளுடைய வேலை என்றால், கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக அவள் அதைத்தான் செய்துவந்தாள். அடிவாரத்தில் ஒன்று, இடைமலையில் ஒன்று, உச்சிக்கு அருகில் ஒன்று என மூன்று திட்டுகளில் ஒரே இன மரங்கள் நின்றன. உயரம் கூடக் கூட இலை தன்னை எப்படிக் காத்துக்கொள்கிறது, பூச்சி எவ்வளவு தின்கிறது என்பதை அறிய வன ஆய்வு நிலையம் அவளை அமர்த்தியிருந்தது.

அதற்கு முன்பு தையற்கடையில் பொத்தான் கட்டியவள். அந்த முடிச்சு மலையிலும் உதவியது. தளிர் விட்டவுடன், அது முளைத்த கணுவுக்குக் கீழே கிளையில் ஒரு சிவப்பு நூலைக் கட்டுவாள். நாற்பதாம் நாள் திரும்பி வந்து, கட்டம் போட்ட கண்ணாடித்தாளை இலையின்மேல் விரித்து, ஓட்டை விழுந்த கட்டங்களை எண்ணுவாள். காலில் அட்டை ஏறிய நாளிலும் தவணை தவறியதில்லை. உச்சி இலைகள் தோல்போல் விறைத்து, கிள்ளினால் கசப்புப் பாலை வடிக்கும். அடிவாரத்து இலைகளோ கைக்குழந்தையின் காதுபோல மெத்தென்றிருக்கும். நிலையத்தில் அவளுக்கு நூல்காரி என்றே பெயர்.

புதிதாக வந்த அதிகாரி அவளை அழைத்துப் பதிவேட்டைத் திறந்தார்.

“அடிவாரத்துல இலையில நூத்துக்கு முப்பத்தொரு பங்கு பூச்சி தின்னிருக்குன்னு எழுதியிருக்கீங்க. நானே போய் நூறு இலை பறிச்சு அளந்தேன். எட்டுதான் வருது.”

“உச்சியில அளந்தீங்களா சார்?”

“ஆறு.”

“எனக்கும் ஆறுதான்.”

“அப்ப கீழ மட்டும் எப்படிம்மா எகிறுது? வீட்ல உக்காந்தே எழுதிட்டீங்களா?”

அவர் ஒரு தாளை நகர்த்தினார். ‘என் அளவுகள் நம்பத்தக்கவை அல்ல, அவற்றை நீக்க இசைகிறேன்’ என்று அச்சிட்டிருந்தது. கையெழுத்திட்டால் வேலை நிலைக்கும். பன்னிரண்டு ஆண்டுப் பதிவேடுகள் குப்பைக்குப் போகும். மறுத்தால் வெள்ளிக்கிழமையோடு வேலை போகும். அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியேறினாள்.

அவள் கணவன் பேருந்து நடத்துநர். வீட்டில் அவள் நடந்ததைச் சொன்னதும், சட்டையை மாட்டியபடியே கேட்டான்: “ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டு வேலையைப் பாரேன். இலை வந்து உன்மேல கேஸா போடப்போகுது?”

“ஏறாத ஆளுக்கு டிக்கெட் கிழிச்சேன்னு எழுதிக் குடுக்கச் சொன்னா நீங்க குடுப்பீங்களா?”

அவன் கடைசிப் பொத்தானைப் போட்டான். “நாளைக்கு முதல் வண்டி ஆறே கால். முன்சீட்டுல இடம் போட்டு வைக்கிறேன்,” என்றான்.

மறுநாள் அவள் அதிகாரியின் மேசைமுன் நின்றாள். “நீங்க எந்த இலையைப் பறிச்சீங்க சார்?”

“கைக்கு எட்டினதை.”

“மரத்துல இருந்ததை மட்டுமா?”

“இல்லாததை எப்படிம்மா பறிக்கிறது?”

“அதைத்தான் காட்டப்போறேன். வாங்க.”

அடிவாரத்து மரத்தில் நாற்பது நூல்கள் இருந்தன. அவள் தொடவில்லை, அவரையே எண்ணச் சொன்னாள். முப்பது நூல்களை அடுத்த கணுக்களில் ஓட்டை விழுந்த இலைகள் இருந்தன. மீதிப் பத்து நூல்களை அடுத்த கணுக்களில் இலையே இல்லை; கடித்த காம்பின் நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

“காத்துல உதிர்ந்திருக்கலாமே?”

“காத்து காம்பைக் கடிச்சு வைக்குமா சார்? உச்சியில காத்து இதவிடப் பேய்க் காத்து. அங்க நான் கட்டின ஒரு நூல்கூட வெறுமனே நிக்கல. கீழ முழுசா தின்னுட்டுப் போயிடுது. நீங்க பிழைச்ச இலையை மட்டும் அளந்துட்டு வந்திருக்கீங்க.”

அவர் எழுதத் தாள் கேட்டார். அவள் பையிலிருந்த கடிதத்தையே வெற்றுப் பின்பக்கம் தெரியத் திருப்பி நீட்டினாள். பத்து இலைகளுக்கு நூறு நூறு, முப்பது இலைகளுக்கு அவரே அளந்த எட்டு எட்டு. கூட்டி நாற்பதால் வகுத்தார். முப்பத்தொன்று வந்தது. மறுபடியும் வகுத்தார். அதுவே வந்தது.

“சரிம்மா. இந்தக் கடிதத்தை மறந்துடுங்க.”

“நான் மறந்துட்டா, அடுத்து வர்றவர் இன்னொண்ணு அடிச்சுக்கிட்டு வருவார் சார். நேர்ல எண்ணிப் பாத்தேன், சரியா இருக்குன்னு பதிவேட்டுல உங்க கையால எழுதுங்க.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் பையிலிருந்து பதிவேட்டை எடுத்து விரித்தாள்; நீட்டிய பேனா நீட்டியபடியே இருந்தது. கடைசியில் வாங்கி எழுதி, தேதியும் இட்டார். அவள் ஒரு முறை படித்துவிட்டுப் பதிவேட்டை மூடி, மலைப்பாதையில் ஏறத் தொடங்கினாள்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“இடைமலைக்கு இன்னைக்குத் தவணை. வர்றதா இருந்தா அந்தக் கட்டம் போட்ட கண்ணாடித்தாளை எடுத்துக்கிட்டு வாங்க.”